ஜெசிந்தா அக்காவும் தகவலாளர் பதினான்கும்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்தார். "ஜெசிந்தா போயிட்டாம்மா" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஜெசிந்தா அக்கா என் பெரியம்மாவின் ஒரே மகள். வயது இருபத்தொன்பது. நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வில்லாபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். பள்ளிகளில் பெருக்கித் துடைக்கும் ஆயாக்களின் வேலையைப் பற்றிய ஆய்வு அது. அக்காவை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து யோசித்து நான் பார்த்ததே இல்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது என் அறிவியல் ப்ராஜெக்டை அவரிடம் காட்டினேன். 'கண்மாய் நீரில் நுரை காணப்பட்டது' என்று பெருமையாக எழுதியிருந்தேன்.

"யாரு பாத்தா?"

"நாந்தேன்."

"முட்டளவு சகதியில நின்னு பாத்துட்டு, யாரோ பாத்த மாதிரி எழுதியிருக்க. நின்னவ எங்கடி போனா?"

சிரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வருடம் நான் பதினொன்றாம் வகுப்பு போனதும் அவருக்கு மெய்ப்பு பார்க்க ஆள் தேவைப்பட்டது. தட்டச்சு செய்த பக்கங்களை நான் சத்தமாக வாசிப்பேன். அக்கா தன் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவார். பேட்டி கொடுத்தவர்களின் பெயர் வராது, எண் மட்டுமே வரும் என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச வைப்பார்களாம். அதனால் எல்லாரும் தகவலாளர் ஒன்று, தகவலாளர் இரண்டு என்றே வந்தார்கள். பதினான்காவது ஆளின் பேச்சை வாசித்தபோது எனக்கு நாக்கு தடுமாறியது.

"என் மக படிச்ச ஸ்கூல்லயே நான் பெருக்குனேன். கூட்டாளிக முன்னாடி அம்மான்னு கூப்பிடாத, ஆயான்னே கூப்பிடுன்னு நாந்தேன் சொல்லிவச்சேன். அவளும் அப்படியே கூப்பிட்டா. அம்புட்டு சமத்து."

"அக்கா, இது பெரியம்மாதானே?"

அக்கா நடையை நிறுத்தவில்லை. "தகவலாளர் பதினாலு. அடுத்த பத்தியை வாசி."

"இதுல நீங்களும் இருக்கீங்களே. நின்னவ எங்க போனா?"

பழிக்குப் பழி என்று நினைத்துத்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவார், கிழிப்பார். பெரியம்மா காபி கொண்டுவந்தால் தாளைக் கவிழ்த்து வைப்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என்னோடு நின்று மூன்று பஸ்களைப் போகவிட்டார். "ஸ்கூல்லயும் அவங்கள அம்மான்னு கூப்பிடல. இப்ப இம்புட்டு பக்கம் எழுதியும் கூப்பிடல" என்றார், என்னைப் பார்க்காமல்.

தகவலாளர் பதினான்கு தன் அம்மா என்று எழுதலாமா என்று தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்க் கேட்டார். வந்து, இருவரையும் நடித்தே காட்டினார்.

"பாசத்தையெல்லாம் எழுத வேண்டாம்மா. தரவை எழுதுங்க" என்றாராம் சார்.

"அம்மாங்கிறதும் தரவுதான் சார். எங்கிட்டச் சொன்னதை அவங்க வேற ஆள்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. படிக்கிறவங்களுக்கு அது தெரிய வேணாமா?"

சார் கண்ணாடியைத் துடைத்தாராம். மறுபடியும் துடைத்தாராம். பிறகு, "அவங்க சம்மதத்தை வாங்கிட்டு எழுதிட்டு வாங்க" என்றாராம்.

எழுதிவிட்டார். முன்னுரைக்காக ஒரே ஒரு பக்கம், கையெழுத்தில். பெரியம்மாவிடம் கேட்கத்தான் முடியவில்லை. சம்மதம் கேட்டால் அந்தப் பள்ளிக்கூட நாட்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு கேக்குறேன்டி" என்று இரண்டு ஞாயிறு தள்ளினார். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்தை என்னிடம் தந்துவைத்தார். மூன்றாவது ஞாயிறு காய்ச்சலில் படுத்திருந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு எனக்கும் நிலைகொள்ளவில்லை. பெரியம்மாவிடம் காட்டலாமா? அக்காவுக்கே வராத தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்? காட்டாமல் விட்டால், அக்கா எழுதிய அம்புட்டிலும் அக்கா இருக்கமாட்டாரே. புத்தகப் பையில் போடுவதும் எடுப்பதுமாக ஐந்து நாள் கழிந்தது. ஆறாம் நாள் நான் பெரியம்மா வீட்டில் இருந்தபோது பேராசிரியர் வந்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டு, மெய்ப்பு பார்த்தவள் நான் என்பதால், "அந்தப் பக்கத்தை எழுதினாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"எந்தப் பக்கம்?" என்றார் பெரியம்மா.

இனி மறைக்க முடியாது. எடுத்து வாசித்தேன்.

"இந்த ஆய்வில் தகவலாளர் பதினான்கு என்று வருபவர் என் அம்மா. பள்ளியில் நான் அவரை ஆயா என்று அழைத்தேன். அதை அவர் சமத்து என்கிறார். அது வெட்கம் என்பது எனக்குத் தெரியும். அவர் பெருக்கிய வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவள் எழுதியது இந்த ஆய்வு. வாசிப்பவர் இதை அறிந்தே வாசிக்க வேண்டும்."

"இதத்தேன் எங்கிட்டக் காட்டாம வச்சிருந்தாளா? கேட்டா வேணாம்னா சொல்லப் போறேன், கிறுக்கி" என்றார் பெரியம்மா. பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பினார். "சார், நம்பர் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அம்மாங்கிறத மட்டும் எடுத்துராதீக."

"எடுக்க மாட்டேன்மா" என்றார் அவர். "இனி பட்டம் கொடுக்க விதி இடம் கொடுக்குமான்னு எனக்குத் தெரியல. ஆனா எங்க துறை நூலகத்துல இந்த ஆய்வேடு இருக்கும். இந்தப் பக்கத்தோட இருக்கும்."

அந்தத் தாளை வாங்க அவர் கை நீட்டியபோது பெரியம்மா தடுத்தார். "இருங்க சார். இன்னொருக்கா வாசி பாப்பா. மெதுவா வாசி."

வாசித்தேன். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது நிற்பதுபோலப் பெரியம்மா எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார். அதைப் பார்த்துப் பேராசிரியரும் எழுந்துவிட்டார்.

போய் வாருங்கள், அக்கா. சம்மதம் வாங்கியாயிற்று.