இருபத்தோராவது கொப்பி

மாமி போட்டோக்கொப்பி மெசின் வாங்கப் போன நாளில் எனக்குப் பத்து வயது. ஓட்டோவில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வழியில் டயர் வெடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களிடமும் மன்றாடினேன். ஒருவரும் கேட்கவில்லை.

மாமி அப்பாவின் தங்கை. திருகோணமலை அன்புவழிபுரத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில், புலமைப்பரிசில் சோதனைக்கு ரியூசன் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தன் கையால் வினாத்தாள் எழுதுவார், சனிக்கிழமை சோதனை. தாளைச் சந்தியிலிருந்த, போன் எடுக்கவும் போட்டோக்கொப்பி அடிக்கவும் ஊரே போகும் கொமினிகேசன் கடைக்குக் கொண்டுபோய் இருபது கொப்பி எடுத்து வருவது என் வேலை. நான் இருபத்தொன்று எடுப்பேன். மிச்சம் ஒன்று, சோதனைக்கு முதல்நாளே, மாமியின் வகுப்பில் படித்த என் சிநேகிதிக்கு. அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முதலில் மாக்ஸைத்தான் கேட்பார். முப்பத்தாறு என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டார் என்று அவள் சொன்னபோது எனக்கும் அழுகை வந்தது. அடுத்த வெள்ளியே துணிவும் வந்துவிட்டது.

முப்பத்தாறு எடுத்தவள் தொண்ணூற்றிரண்டு எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? ரீச்சரின் பேப்பர் வெளியில் போகிறது என்று தாய்மார் கதைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் பிள்ளைகளை அனுப்பாமலும் விட்டார்கள். மாமிக்குக் கோபம் மூக்கு நுனியில். கொமினிகேசன் அண்ணையிடம் போய், அவர்தான் தாளை விற்கிறார் என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டார். ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு இருபத்தொன்று எண்ணித் தந்தவர் அவர். பக்கத்தில் நின்ற என்னை மட்டும் ஒருமுறை பார்த்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் போகும் றோட்டில் இருந்தது மெசின் கடை. கடைக்காரர் முதலில் காட்டியதற்குக் கொம்பியூட்டர் வேண்டும். அடுத்ததற்குப் பெரிய போன் வேண்டும். மாமியிடம் இரண்டும் இல்லை.

“தாளை வைச்சு பட்டனை அமத்தினா கொப்பி வரவேணும், அவ்வளவுதான்” என்றார் மாமி.

வீட்டில் மெசின் எதற்கு என்று அவர் கேட்க, மாமி பேப்பர் வெளியில் போகிற கதையைச் சொன்னார். கடைக்காரரின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் இன்னொரு மெசினைத் தூக்கி வந்தார்.

“அப்ப ரீச்சர், உங்களுக்கு இதுதான் சரி. நம்பர் அடிச்சாத்தான் வேலை செய்யும். ஆர் எத்தினை கொப்பி எடுத்ததெண்டு தப்பாமக் காட்டும். கொப்பி எடுக்கிறது ஆர்?”

“இவள்தான்.”

“அப்ப பிள்ளைக்கு ஒரு நம்பர், உங்களுக்கு ஒரு நம்பர்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாமியின் கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, மறுபடியும் மூடிக்கொண்டேன். சொன்னால் சிநேகிதியை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். என்னை அப்பா உயிரோடு விடமாட்டார். மாமி பார்வையை எடுக்கவே இல்லை.

“நம்பர்ப் பூட்டு இல்லாததைத் தாங்கோ” என்றார் கடைசியில்.

கடைக்காரர் மறுபடியும் விளக்கப் பார்த்தார். மாமி கேட்கவில்லை. இரண்டே பட்டன் உள்ள சின்ன மெசின் ஒன்று ஓட்டோவில் ஏறியது. மாமியின் கஞ்சத்தனம் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன்.

வரும் வழியில் மாமி கொமினிகேசன் கடையில் இறங்கி, ரவுன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெறுந்தாளை அந்த அண்ணையிடம் இரண்டு பக்கற் வாங்கினார். “நான் அண்டைக்குக் கதைச்சது பிழை, தம்பி” என்றார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அடுத்த வெள்ளி, வினாத்தாளை என் கையில் தந்துவிட்டு மாமி குசினிக்குள் போய்விட்டார். மெசினுக்கு முன்னால் நான் தனியே. இருபது முடிந்தும் விரல் பட்டனிலேயே இருந்தது. எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை அமத்த என்னால் முடியவில்லை.

சிநேகிதி நாற்பத்தொன்று எடுத்தாள். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் மாமி அவளை மட்டும் ஒரு மணித்தியாலம் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தன் சின்னப் போனிலேயே குவைத்துக்கு எடுத்து, பிள்ளை முன்னேறுகிறாள் என்று அந்த அம்மாவிடம் சொன்னார். எனக்கு எரிந்தது. களவுத் தாளில் மாக்ஸ் எடுத்தவளைத் தலையில் தூக்கி வைக்கிறாரே, இந்த மாமியைப்போல ஓர் ஏமாளி திருகோணமலையிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.