நான் இழுத்த சுண்ணாம்புக் கோடு

அப்பா ஓட்டிய வண்டிக்கு ஆறு சிலிண்டர். ஊரில் இருந்த மற்ற இரண்டு கார்களுக்கும் நாலுதான் என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் பல சண்டைகளை ஜெயித்திருக்கிறேன். இத்தனைக்கும் வண்டி எங்களுடையதல்ல. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரிய வீடு வைத்திருந்த அய்யாவுடையது. அவரும் ஆச்சியும் சென்னையில் இருந்தார்கள். விசேஷம் என்று வந்தால்தான் வீட்டின் முன்கதவு திறக்கும். மற்ற நாட்களில் பின்கட்டில் நாங்கள் மூன்று பேரும், ஷெட்டில் அந்த வண்டியும்தான்.

அப்பாதான் டிரைவர், அவரேதான் மெக்கானிக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டிக்கு டைமிங் வைப்பார். ஆறு சிலிண்டருக்கும் முறை தவறாமல் மின்பொறியைப் பங்கு போட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சின்னச் செம்பளவு சாமான். அதன் கழுத்தைத் தளர்த்தி மயிரிழை இப்படித் திருப்பினால் பொறி முந்தும், அப்படித் திருப்பினால் பிந்தும். பிந்தினால் வண்டி இழுக்காது. முந்தினால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும்.

முன்பெல்லாம் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அதைத் திருப்புவார். இரண்டு வருஷமாக அந்த வழக்கத்தை விட்டிருந்தார். கழுத்தைத் தளர்த்துவதற்கு முன்பே, அதற்கும் எஞ்சினுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைப்பார். வேலை முடிந்ததும் கோட்டோடு கோடு சேர்த்து முடுக்கிவிடுவார். கேட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அப்பா தேறிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அய்யா வீட்டில் மகளுக்குப் பொன்னமராவதியில் சம்பந்தம் கூடியிருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தட்டு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே அய்யாவின் தம்பி ஒரு புகார் சொல்லியிருந்தார். பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் டிரைவர் வழி விடுவதில்லை, வேறு ஆளைப் போடலாம் என்று. ஆறு சிலிண்டர் வண்டி எதற்கு வழி விட வேண்டும் என்பது என் கட்சி. அம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு பயணம் நல்லபடியாகப் போய் வந்துவிட்டால் போதும் என்று கண்ட சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பூஜையன்று காலையில் அப்பா வழக்கம் போலக் கோடு இழுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பொறியைக் கிளப்பும் பாயிண்ட் என்ற சின்னத் தகடு தேய்ந்திருந்தது. புதுசு வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார். வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. வெளியே துடைத்து முடித்த பிறகும் எனக்கு ஆசை அடங்கவில்லை. பானெட் திறந்துதான் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் உள்ளேயும் துடைத்தேன். ஆயுதம் என்றால் எஞ்சின்தானே, அதற்குப் பொட்டு வேண்டாமா?

டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைக்கும்போது அது துணியோடு சேர்ந்து திரும்பியது. எடுத்துப் பார்த்தால் துணியில் வெள்ளை. கோடு போயிருந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பி நின்ற இடத்திலேயே, அப்பா இழுப்பது போலவே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். என் கோடு அப்பாவுடையதை விட நேராக இருந்தது.

மத்தியானம் அப்பா வந்து பாயிண்டை மாற்றி, அந்தக் கோட்டைப் பார்த்துச் சேர்த்து முடுக்கினார். வண்டியை எடுத்தார். முன்னைவிடத் துடிப்பாக ஓடியது. மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஆச்சி பூக்கூடையை மடியில் வைத்துக்கொள்ள என்னையும் அழைத்தார். முன் ஸீட்டில், அப்பா பக்கத்தில் எனக்கு இடம். பின்னால் அய்யாவும் ஆச்சியும். சமதரையில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. பொன்னமராவதி நெருங்கும்போது ஒரு ஏற்றம் வந்தது. பாதி ஏறுவதற்குள் எஞ்சினிலிருந்து, தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம்.

“என்னப்பா சத்தம் அது?” என்றார் அய்யா.

அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அய்யா மறுபடி கேட்டார். ஆச்சியும் கேட்டார். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார், என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பேசாமல் வருகிறார்.

அய்யா எட்டி அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா திடுக்கிட்டுத் திரும்பி, அவருடைய வாயைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி இறங்கியவர், பானெட்டைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, ஏத்தத்துல தட்டுச்சா?” மெதுவாகத்தான் கேட்டார்.

நான் தலையாட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எனக்கு எண்ணம்.

அப்பா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி முடுக்கினார். மிச்ச தூரத்தில் ஒவ்வொரு மேட்டிலும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டே வந்தேன். சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த நாள் அப்பா சாவியைக் கொண்டுபோய் அய்யாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா எதுவும் நடக்காதது போல ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அப்பா, ஒங்க கோட்டை அழிச்சது நாந்தாம்ப்பா. அது நான் போட்ட கோடு.”

அப்பா திரும்பவில்லை. கை நிற்கவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு சுலபமாக மன்னிக்கிற அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன். அன்றைக்கு என்னைவிட நிம்மதியான பிள்ளை ஊரில் இருந்திருக்க மாட்டாள்.

நான் பதினொன்றாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அப்பாவுக்குக் காது மந்தமாக ஆரம்பித்து ரொம்ப வருஷமாயிற்று என்றும், அந்த நிச்சயதார்த்தச் சமயத்திலேயே காதருகில் கத்தினால்தான் கேட்கும், வீட்டில் எங்கள் வாயைப் பார்த்தே சமாளித்து வந்தார் என்றும். அய்யாவுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். அப்படியும் அப்பாவை அனுப்ப அவருக்கு மனமில்லை. துணைக்கு ஒரு பையனைப் போட்டு ஓட்டுங்கள் என்று எழுதியே காட்டினாராம். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“காது போனா போகுதுங்க, கை இருக்குன்னு இருந்தேன். வச்ச கோடே தப்பாப் போச்சு. இனிமே என்னை நம்பி யாரும் ஏறக் கூடாது” என்றாராம்.

அதன் பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்ற நிலை அப்போது. இதைப் போய்த் தெருவே கேட்கக் கத்துவதா என்று தள்ளிப்போட்டேன். எழுதிக் காட்டியிருக்கலாம். பரீட்சை, கல்யாணம், குழந்தை என்று அதற்கும் சாக்குச் சொல்லிக்கொண்டேன். போன தை மாதம் அப்பா போய்விட்டார்.

அன்று ஷெட்டில் நாலு எட்டு நடந்து அவருக்கு முன்னால் போய் நின்று, அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் போதும். என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு, போய்ச் சாவியைத் திரும்ப வாங்கி வந்திருப்பார்.