ஊரைப் பார்த்து நிற்கிற வேலை

போன வாரம் விருத்தாசலத்தில் சித்தி மகன் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கம்மாபுரத்து அம்மா ஒருவர். பிரியாணி வருவதற்குள் சொந்தம் கண்டுபிடித்து, சேதிக்கு வந்துவிட்டார்.

"எம் பொண்ணுக்குப் பியானோ சொல்லிக் குடுங்களேன். விரலு நல்லா வளையுது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பாட்டுப் பக்கம் மட்டும் வுட்டுடாதீங்க."

ஏனாம்?

"பியானோன்னா கவுரவமா இருக்குதுங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. கேட்டவர் யாரிடம் கேட்கிறார்? இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் மெட்ராஸ் ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் பாடிப் பிழைக்கிறவள். ஆனால் ஆரம்பித்தது பியானோக்காரியாக. அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா?

அறுபதுகளில் எனக்குத் தெரிந்து விருத்தாசலத்தில் இருந்தது ஒரே பியானோ, எங்கள் ஸ்கூல் ஹாலில். மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்ளும். சில கட்டைகள் அழுத்தினால் அழுத்தினபடியே கிடக்கும். அவற்றை விரல் நுனியால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசிப்பேன். மேற்கத்திய கிளாஸிக்கல். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்... கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதில் நான் கெட்டி. பரீட்சைகளையெல்லாம் ஊதித் தள்ளினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் ஹோட்டலில் பியானோ வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஹோட்டலா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்காக வாதாடியவர் அப்பாதான். செராமிக் கம்பெனியில் சூளைப் பிரிவு சூப்பர்வைசர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"பியானோ கவுரவமா இருக்குதுப்பா. பொண்ணு ஒரு பக்கமாத் திரும்பி உக்காந்துக்கும். சாப்புடறவன் சாப்புடுவான், அது பாட்டுக்கு வாசிக்கும். பாட்டுன்னாதான் ஊரைப் பாத்து நிக்கணும். அதான் ஆவாது."

மெட்ராஸ் வந்தேன். கொஞ்ச நாளில் எங்கள் பேண்டில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி பம்பாய் போய்விட்டாள். பேண்ட் லீடர் லேன்சி — கோவாக்காரர், டிரம்பெட் வாசிப்பவர் — என்னிடம் வந்தார்.

"நீ பாடேன்."

"எனக்குப் பாட வராதுங்க."

"வாசிக்கும்போது முனகறியே... அதைச் சத்தமா செய்."

முதல் ஒத்திகை. பேப்பரில் இருந்ததை அப்படியே பாடி, கடைசி வரியில் கச்சிதமாக நிறுத்தினேன். பேண்ட் நிற்கவில்லை. ஐயோ, தப்பாக வாசிக்கிறார்களே என்று நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"ஏன் நிறுத்தினே?"

"பேப்பர் முடிஞ்சிடுச்சே."

லேன்சி அந்தப் பேப்பரை வாங்கி, மடித்து, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு அப்புறம்தான் பாட்டே" என்றார்.

வார்த்தை முடிந்த பிறகு நாமாக இட்டுக்கட்டிப் பாட வேண்டும் — அதுதான் ஜாஸ். தாளத்துக்குப் பிந்தினால் பாவம் என்று வளர்ந்தவள், வேண்டுமென்றே சோம்பலாகத் தாளத்தின் பின்னால் நடந்து வரப் பழகினேன். முதல் தடவை நாலு ஸ்வரம் சொந்தமாக வந்து விழுந்தபோது உடம்பெல்லாம் சந்தோஷம். இதுதான் நம் வேலை என்று தெரிந்துவிட்டது. பியானோவை விட்டதில் இன்றுவரை எனக்கு வருத்தமே கிடையாது.

அப்பாவிடம் சொன்னேனா? சொல்லவில்லை. கம்பெனி வேலையாக மெட்ராஸ் வந்து எங்கள் ஹோட்டலில் சாப்பிட்ட புண்ணியவான் ஒருவர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து நின்றார். காலையில் எழும்பூர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் ஆராதனையை முடித்துவிட்டு, வெள்ளை முழுக்கைச் சட்டையோடு நேரே ஹோட்டல் வாசலுக்கு. அன்று மத்தியானம் எங்களுக்கு ஜாம் செஷன், முன்னேற்பாடு இல்லாமல் கூடி இட்டுக்கட்டி வாசிக்கிற கச்சேரி.

"ஒரு பாட்டு கேப்பேன். எனக்குச் சரியாப் படலன்னா சாயங்கால ரயிலுக்கு நீயும் வர்றே. பொட்டி கட்டிட்டியா?"

"இல்லப்பா."

"கட்டி வெச்சிடு."

என் பாட்டின் மேல் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. பயம் வேறு. அப்பாவை எதிர்த்து நின்று எனக்குப் பழக்கமில்லை. ரயில் ஏறு என்று சொன்னால் ஏறிவிடுவேன்... அதுதான் பயம். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

முன் மேஜையில் அப்பா. நான் எல்லோரையும் பார்த்து நின்றேன், அவரையும் பார்த்து. வார்த்தைகள் முடிந்தன. இனி என் முறை. சொல்லே இல்லாமல் குட்டியாக ஒன்று பாடி, கொஞ்சம் இடம் விட்டேன். லேன்சியின் டிரம்பெட் பதில் சொல்வதற்கான இடம் அது.

எங்கள் சர்ச் கீர்த்தனையைக் கேட்டிருக்கிறீர்களா? முன்னால் நிற்பவர் ஒரு வரி பாடி நிறுத்துவார். சபை அதை அப்படியே திருப்பிப் பாடும். விருத்தாசலம் சபையில் முதலில் எழும்புகிற குரல் அப்பாவுடையது. வரி முடிந்து அரை மூச்சு காலியாக இருந்தால் அவரால் சும்மா இருக்கவே முடியாது.

நான், "பா-டு-டா... டீ."

லேன்சி டிரம்பெட்டை உதட்டில் வைப்பதற்குள் முன் மேஜையிலிருந்து கனத்த குரலில், "பா-டு-டா... டீ."

கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார் அப்பா.

ஹாலே திரும்பிப் பார்த்தது. லேன்சி டிரம்பெட்டை இறக்கிவிட்டு, தொடரு என்று எனக்குக் கை காட்டினார். அடுத்ததைக் கொஞ்சம் சிக்கலாகப் போட்டேன். அப்பா விடவில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கேறி அடுத்தது உச்சிக்கே போய்விட்டேன். அங்கே அவர் குரல் கிழிந்தது. கண்ணைத் திறந்தவருக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கைதட்டல் அடங்கும்வரை தண்ணீர் டம்ளரை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

ஊரைப் பார்த்து நிற்பது கேவலம் என்கிறோம். எதிரே உட்கார்ந்திருக்கிற ஊருக்கும் வாய் துறுதுறுக்கிறது என்பதை யோசிக்கிறோமா?

சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு அப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறேன். விசில் ஊதியது. அப்பா ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"அடுத்த வாட்டி நான் வரும்போது சுருதியைக் கொஞ்சம் எறக்கிப் பாடும்மா. எனக்கு எட்டல."