பாலைவனப் பாசிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எண்பதுகளில், கோலாலம்பூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை எனக்கு. செந்தூலிலிருந்து பஸ் பிடித்துப் போய், எல்லாருக்கும் முன்னால் கதவைத் திறப்பேன். என் கை சும்மா இருக்காது. அதுதான் வினையாகப் போனது.

கிள்ளானிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, எங்கோ பாலைவனத்து மண்ணிலிருந்து எடுத்த பச்சைப் பாசியைச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் மெதுவாகக் காயவைத்திருந்தாள். நாற்பது நாள் காய்ந்தபின் நனைத்தால் உயிர் வருமா என்று பார்க்க வேண்டும். அந்த வருடக் கடைசிக்குள் முடித்தால்தான் அவளுக்குப் பட்டம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் இரண்டு நாள் லீவில் போயிருந்தாள். தட்டுகள் வறண்டு கிடந்தன. பாவம், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள் போல என்று நானே ஊற்றிவிட்டேன்.

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். சாம்பல் பொடியாகக் கிடந்ததெல்லாம் பச்சையாகி இருந்தது. செத்ததென்று நான் நினைத்தது இத்தனை நாளும் உயிரோடு இருந்திருக்கிறது! அப்புறம்தான் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாற்பது நாளுக்கு நனைக்கக் கூடாது என்று இருந்தது. அன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள்.

மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில், பாட்டில் உலர்த்தும் ஓவனில் தட்டுகளை வைத்து, மறுபடி பொடியாக்கி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டேன்.

நாற்பதாம் நாள் அவள் நனைத்தாள். மறுநாள்வரை காத்திருந்தாள். பச்சை வரவேயில்லை.

"இது தாங்காதுன்னுதான் எழுதணும் போலக்கா," என்றாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என்னால் அவள் பொய்யை எழுதப் போகிறாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "மெதுவா காஞ்சா, உள்ளுக்குள்ள எல்லா வேலையையும் நிப்பாட்டிடும்கா. அப்ப எந்த வெயிலும் அதை ஒண்ணும் பண்ணாது. நனைஞ்சு முழிச்ச நேரத்துல சூட்டுல வச்சா..." பாதியில் நிறுத்தினாள். "ஏன்கா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணல? திரும்ப மெதுவா காய வச்சிருப்பேன் லா."

பாலைவனத்து வெயிலையே தாங்கியதை ஒரே மத்தியானத்தில் என் பயம் கொன்றிருக்கிறது.

மிச்சமிருந்த மண்ணை வைத்து அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குப் பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். தன் தட்டுகளை மட்டும் தானே கழுவிக்கொண்டாள்.