ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

ஹரீஷ்குமார் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாளே நிர்மலாவுக்கு அவனைப் பிடிக்காமல் போனது. அவனுக்கு அவளைப் பிடிக்காமல் போக மூன்று நாள்கூட ஆகவில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது அந்தக் கம்பெனி. லாரிகளுக்கான கியர் பெட்டி மூடிகளைக் கடைந்து அனுப்புகிறார்கள். கடைந்த மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஏசி போட்ட தனி அறை ஒன்று உண்டு. அங்கே கருங்கல் மேடை மேல் ஓர் அளக்கும் மெஷின் நிற்கிறது. முனையில் சிவப்புக் கல் பதித்த ஊசி இறங்கி வந்து மூடியை இங்கும் அங்கும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். ஊசியை ஆட்டி வைப்பது பக்கத்து மேசையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பி. அளக்கும் மெஷினை விற்ற கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. ஊசியை ஆட்டும் மென்பொருள் வேறு எந்த விண்டோஸிலும் ஓடாது.

அந்த அறைதான் நிர்மலாவின் இடம்.

ஹரீஷ்குமார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்னங்க இது, மியூசியமா?"

"மியூசியத்துல இருக்கறது வேலை செய்யாது சார். இது செய்யுது."

அவன் அவளைப் பார்க்காமல், கூட வந்த சூப்பர்வைசர் மாதேஷிடம் கன்னடத்தில் கேட்டான். "ஈ ஹெங்கஸிகே ஏனு கொத்து?" இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று.

"ஸ்வல்ப கொத்து சார்," என்றாள் நிர்மலா. "கொஞ்சம் தெரியும். மிச்சத்தை நீங்க சொல்லிக் குடுங்க."

மாதேஷ் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எல்லையோரத்தில் இருக்கிறவளுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்தது ஹரீஷ்குமாரின் தப்பு. பெங்களூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து வருகிறவனுக்கு, அத்திப்பள்ளி தாண்டினால் எல்லாரும் மக்கு என்று தோன்றியிருக்க வேண்டும்.

மாதேஷின் சிரிப்பையும் அவள் நம்பவில்லை. இருவரும் நாகரசம்பட்டிக்காரர்கள். அவன் வீட்டு மாந்தோப்பில்தான் அவள் அம்மா வெள்ளையம்மா கூலிக்குக் காய் பறித்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனியில் இருந்தும், அவள் சொன்னபடி ஏதாவது நடந்துவிட்டால் மாதேஷ் வாயில் வருவது ஒன்றுதான்: "வெள்ளையம்மா மவ இல்ல, அப்படித்தான் இருக்கும்." பாராட்டு மாதிரி இருக்கும். பாராட்டு இல்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு நிர்மலா கம்பெனி பஸ் ஏறினாள். காண்ட்ராக்ட் ஆள், கூட்டிப் பெருக்கும் வேலை. அளக்கும் அறையைக் கூட்டலாம், எதையும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு கோடையில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் அதற்கு முந்தின மாதம்தான் துபாய் போயிருந்தார். எல்லாரும் சுற்றி நின்று கையைப் பிசைந்தபோது, அவள் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றி, கடைசல் நடக்கும் ஷாப்பில் இருந்த காற்றுக் குழாயால் ஊதினாள். உள்ளேயிருந்து தூசியும் இரும்புத் துகளுமாக ஒரு முறம் வந்தது. சுவிட்சைப் போட்டதும் ஓடியது. தூசி எங்கே அடையும் என்று கூட்டுகிறவளுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் "நிர்மலாவைக் கூப்பிடு" என்றார்கள். கூப்பிட்டார்களே தவிர, நிரந்தரம் ஆக்கவில்லை. போகப் போக அளக்கும் மெஷினை ஓட்டுவதும் அவள் வேலையானது. செத்த கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து மெமரியை உருவி உயிரோடு இருப்பதில் போட்டாள். பஸ்ஸில் போகும்போது போனில் வீடியோ பார்த்துப் பார்த்து லினக்ஸ் ஏற்றக் கற்றாள். புது விண்டோஸ் ஏறாது என்று கைவிட்ட பத்துப் பெட்டிகளை ஷாப்பில் வரிசையாக வைத்தாள். கடைசல்காரர்களுக்கு வரைபடம் பார்த்தால் போதும். படம் காட்ட ஒரு பெட்டிக்கு எவ்வளவு மூளை வேண்டும்?

கம்பெனியின் பாதிப் பங்கை பெங்களூர்க்காரர்கள் வாங்கியதும் அவர்கள் அனுப்பிய ஆள்தான் ஹரீஷ்குமார். ஆகஸ்டில் அவன் எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான். விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பதினாலோடு அப்டேட் நிற்கிறது, பதினொன்று ஏறாத எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்றான்.

"இதுல விண்டோஸே இல்ல சார், லினக்ஸ். அப்டேட் வந்துகிட்டேதான் இருக்கு," என்றாள்.

"பாலிசி," என்றான்.

"பாலிசி பெட்டியைப் பார்த்துதானே சார் எழுதணும்?"

"உங்களைக் கேட்டு எழுதணுமா?"

எக்ஸ்பி பெட்டியைப் பற்றி அவன் சொன்னது மட்டும் சரி. அப்டேட் இல்லாத பெட்டி கம்பெனி நெட்வொர்க்கில் தொங்குவது, வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. நிர்மலாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேபிளைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அளவு ரிப்போர்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் நேராக முதலாளி திம்மராயனின் மேசைக்குப் போகும். அடியில் 'அளந்தவர்: நிர்மலா' என்று இருக்கும். அந்தக் கம்பெனியில் அவள் பெயர் எழுதப்படும் ஒரே இடம் அது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

மாதா மாதம் எக்ஸ்பி பெட்டியை அவள் தன் காசில் வாங்கிய ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைப்பாள். 'சொந்தச் சாதனங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஹரீஷ்குமார் அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. அதை அழித்து, எதையோ ஏற்றி பெங்களூர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டான். பதினைந்து வருஷம் அவள் ஒவ்வொரு மூடிக்கும் எழுதிய அளவுகள் இப்போது எக்ஸ்பி பெட்டிக்குள் மட்டும்தான்.

அடுத்து பேட்டரி. கம்ப்யூட்டருக்குள் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது தேதியையும், டிஸ்கை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் பெட்டி மறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். எக்ஸ்பி பெட்டியில் அது செத்துக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. புதுசு கேட்டு இன்டென்ட் சீட்டு எழுதினாள். ஹரீஷ்குமார் குறுக்கே கோடு போட்டு, 'பழைய சிஸ்டத்துக்கு ஸ்பேர் கிடையாது' என்று எழுதித் திருப்பினான்.

முன்பெல்லாம் இப்படி ஆனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடையில் அவளே வாங்கிப் போட்டுவிடுவாள். இந்தத் தடவையும் வாங்கினாள். டிபன் பையின் பக்கவாட்டு அறையில் வைத்தாள். போடவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பூஜை லீவு முடிந்து மூணாம் தேதி முதல் அவள் பேக்கிங். டிசம்பரில் புது மெஷின் வரும்வரை எக்ஸ்பி பெட்டி இருக்கும். ஓட்ட பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வருவான்.

"பெட்டி வேணும், நான் வேணாம். அப்படித்தானே சார்?" என்று மாதேஷைக் கேட்டாள்.

"என்கிட்ட ஏம்மா சண்டைக்கு வர? நானா போட்டேன் ஆர்டரு?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மெயினை இறக்கிவிடுவார்கள். இறக்கினால் ரெண்டு நாள் மெஷினுக்கும் ஓய்வு. பூஜையில் வைத்ததை விஜயதசமி கழியும்வரை யாரும் தொடக் கூடாது. ஆனால் அளக்கும் அறைக்குத் தனி லைன். அதை மட்டும் இறக்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கே சந்தனம் வைப்பது அந்தக் கம்பெனியின் பழக்கம். 'அணைக்காதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி அவள் ஒட்டியிருந்த தாளை ஹரீஷ்குமார் போன மாதமே கிழித்துப் போட்டிருந்தான்.

கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. ஷாப் அமைதியாகிவிட்டது. அந்த அறையின் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"அது ஏன் ஆன்ல இருக்கு?" என்றான் ஹரீஷ்குமார். "எல்லாத்துக்கும் ரெஸ்ட்னா அதுக்கும்தானே?"

மாதேஷ் சுவிட்ச் பலகையில் கை வைத்தான். அவனுக்குத் தெரியும். முழுக்கத் தெரியாது, ஆனால் அணைக்கக் கூடாது என்று தெரியும். நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கையை எடுத்துவிடுவான்.

அவள் கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, எறக்கட்டுமா?"

"எனக்கு என்ன சார் தெரியும்? நான் பேக்கிங்."

இறக்கினான். ஏசி அடங்கியது. வாசலில் பூசணிக்காய் உடைந்தது.

பொரிப் பொட்டலத்தோடு லைன் வீட்டுக்கு வந்தாள். பூஜையில் வைத்ததை எப்படித் தொடுவது என்று ரெண்டு நாளும் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று தெரிந்தது. தன் பதினைந்து வருஷ வேலையைத்தான் பணயம் வைத்தோம் என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு மாதேஷ் வந்தான்.

"பெட்டி ஸ்கிரீன் நீலமா நிக்குது. வா."

"பெங்களூர் ஆளு?"

"அவன் மூஞ்சி பெட்டியைவிட நீலமா இருக்குது. திங்கக்கிழமை கஸ்டமர் ஆளு வந்து எதிர்ல உக்காந்து அளந்து பாக்கப் போறான். வெளையாடாத."

"என்னைக் கூப்பிடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. அந்த ஹரீஷு டிஸ்க் போச்சுங்கறான். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஏத்தறானாம், சிடி போட்டுகினு இருக்கறான்."

டேப்பைப் போட்டுவிட்டு நிர்மலா ஓடினாள். பை தோளில் அடிக்க அடிக்க ஷாப் முழுக்க ஓடி, அறைக் கதவைத் தள்ளி, ஹரீஷ்குமாரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

"நீ வா போன்னு பேசாதீங்க. டிஸ்க் நல்லா இருக்குது. நீங்க அழிச்சிருந்தாதான் போயிருக்கும். ஏற்கெனவே ஒண்ணை அழிச்சீங்களே, பத்தலையா?"

சத்தம் கேட்டு முதலாளி திம்மராயன் வந்துவிட்டார். எழுபதை நெருங்குகிறவர், வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லு."

"ஓடும் சார். ஒரு சாமான் வேணும். இவர் இன்டென்ட்ல கையெழுத்துப் போடணும்."

"அதான் போடலாமே. என்ன சாமான்?"

நிர்மலா பையிலிருந்து ஆகஸ்ட் மாதச் சீட்டை எடுத்து மேசையில் விரித்தாள். குறுக்குக் கோடு, அவன் கையெழுத்தில் அவன் வாசகம். முதலாளி படித்துவிட்டு ஹரீஷ்குமாரைப் பார்த்தார். அவன் காது சிவந்தது. கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பேனாவை எறிந்தான்.

"ஸ்டோர்ல இது கிடையாது. வாங்கி வர மத்தியானம் ஆகும். அப்புறம் பாக்கறேன் உங்க வித்தையை."

அவள் பையின் பக்கவாட்டு அறையிலிருந்து பேட்டரியை எடுத்து, உறையைக் கிழித்தாள்.

ஹரீஷ்குமார் பேட்டரியை உற்றுப் பார்த்தான். "இது... எப்ப வாங்கினது?"

"ஆகஸ்ட்ல."

"அப்ப ஏன் போடல?"

"நீங்க கையெழுத்துப் போடல."

மூடியைக் கழற்றினாள். பழைய பேட்டரியை நெம்பி எடுத்துப் புதியதை அழுத்தினாள். வயரைச் செருகி, திரை வருவதற்குள் டெலிட் பட்டனைத் தட்டித் தட்டிப் பெட்டியின் செட்டிங்குக்குள் போனாள். பெட்டி தன்னை 2005 ஜனவரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. தேதியை மாற்றினாள். டிஸ்கைப் பழைய முறையில் படி என்று ஒரு வரியை மாற்றினாள். எந்த வரி என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது, எழுதாமல் விட்டதே நல்லது என்றும் தோன்றியது. திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. கருங்கல் மேடை மேல் ஊசி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

யாரும் கை தட்டவில்லை.

"தெரிஞ்சே விட்டியாம்மா?" என்றார் முதலாளி.

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரிஞ்சேதான் சார் விட்டேன்."

"சார், இவங்களை இன்னிக்கே வெளியே அனுப்பணும்," என்றான் ஹரீஷ்குமார். "இதுக்குப் பேரு சபோட்டேஜ்."

"அனுப்பலாம். திங்கக்கிழமை நீ அளப்பியா?"

முதலாளி நிர்மலா பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளுக்கு உறைத்தது. "இந்தப் பெட்டி ஓடற வரைக்கும் நீ இந்த ரூம்ல இரு. நின்னுபோச்சுன்னா, அன்னிக்கே கேட்டுக்கு வெளியே. பேக்கிங்கும் கிடையாது. புது மெஷின் வந்தா அப்புறம் பாக்கலாம்."

"சரிங்க சார்."

அவர் போனதும் அவள் குனிந்து, பெட்டியின் பின்னால் இருந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். சுருட்டி ஹரீஷ்குமாரின் கையில் கொடுத்தாள்.

"நீங்க சொன்னதுல இது ஒண்ணு சரி. ரிப்போர்ட்டை நானே பேப்பர்ல எடுத்து முதலாளி மேசையில வைக்கறேன்."

அவன் கேபிளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "டிசம்பர் வரைக்கும்தான்," என்றான்.

"பாக்கலாம்."

வெளியே ஸ்கிராப் லாரி வந்து நின்றிருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பத்துப் பெட்டிகளையும் ஆட்கள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூஜைச் சந்தனம் இன்னும் அழியாமல் அவற்றின் நெற்றியில் இருந்தது. அதில் ரெண்டு, எக்ஸ்பி பெட்டியின் அதே மதர்போர்டு, அதே வருஷம். நிர்மலா நடக்கவில்லை, ஓடினாள். பின்னாலேயே மாதேஷ் கத்திக்கொண்டு வந்தான்.

"ஏம்மா! எடை போட்டாச்சு, கேட் பாஸ் எழுதியாச்சு! எங்க போற?"

அவள் லாரிச் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினாள்.

"கிழிச்சு வேற எழுதுங்க சார். ரெண்டு குறையுது." உள்ளே நின்ற ஆளைப் பார்த்துச் சொன்னாள், "அண்ணா, அந்த ஓரத்துப் பெட்டி. அதுக்குக் கீழ இருக்கறதும். போடாதீங்க, கையில குடுங்க."

"வெள்ளையம்மா மவ இல்ல..." என்று மாதேஷ் ஆரம்பித்தான்.

"ஆமா," என்றாள் லாரி மேலிருந்து. "பிடிங்க."

பெட்டியை நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவன் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.