ஏழரை மணி மாமியார்

சாயங்காலம் ஏழரை மணி ஆனால் போதும், எங்கள் வீட்டில் திட்டு ஆரம்பித்துவிடும். அப்பாவை இல்லை, என்னையும் இல்லை. டிவி நாடகத்தில் வரும் ஒரு மாமியாரை. நெற்றி நிறையப் பொட்டோடு, ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து நின்றதும், அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "வந்துட்டா பாரு! கையில மட்டும் கெடச்சா செருப்பாலயே அடிப்பேன்" என்பாள். பக்கத்துத் தெருவிலிருந்து நாடகம் பார்க்க வரும் சித்தி, அம்மாவின் தங்கை, திட்டமாட்டாள். பயந்து சாவாள். நாடகத்து மருமகளும் நிறைமாதம், சித்தியும் நிறைமாதம். அதுவும் இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை. அந்த மாமியார் மருமகளைக் கண்ணால் முறைத்தால்கூட சித்தி தன் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. பொன்னேரிக்கும் கவரப்பேட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனிக்குப் போனார், சித்தப்பா வள்ளூர் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. இரண்டு பேரும் விடிவதற்கு முன்னாலேயே ஓடுவார்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். ஒருநாள் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு ராத்திரி நாடகத்தில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று நைசாகப் பேசி மருமகளைக் காரில் ஏற்றிய மாமியார், நடுவழியில் கொட்டுகிற மழையில் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அத்தோடு தொடரும் போட்டுவிட்டார்கள். அம்மா டிவியைப் பார்த்து விரலை நெட்டி முறித்துச் சாபம் விட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஆண்கள் இரண்டு பேரும் ஷிப்டில் இருக்கும்போது, சித்திக்கு வலி எடுத்தது.

நூற்றியெட்டுக்குப் போன் அடித்தால், ஹைவேயில் தண்ணீர் ஏறிவிட்டது, வர நேரமாகும் என்றார்கள். ஊரில் இருந்த ஒரே ஷேர் ஆட்டோவில் சித்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வீட்டில் தனியாக விடமுடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டாள் அம்மா. தரைப்பாலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. பாதிப் பாலத்தில் ஆட்டோ இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் அண்ணன் இறங்கித் தள்ளினார், அம்மா தள்ளினாள், நானும் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சித்தி, "அக்கா, முடியல அக்கா, புள்ளைய காப்பாத்து அக்கா" என்று கத்தினாள். அம்மா தண்ணீரில் நின்றபடி அழ ஆரம்பித்தாள். அம்மா அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹைவே அடைபட்டதால் உள்வழியாக வந்த வண்டி. டிரைவர் தயங்கினார். பின்கதவு திறந்தது, ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். பாதி வழியில் ஒரு செருப்பு வெள்ளத்தோடு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொன்றையும் உதறிவிட்டு வந்தார். பொட்டு இல்லை, முகத்தில் பூச்சு இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, மாமியார்!" என்று கத்தினேன்.

சித்தி ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தாள். வலி எங்கே போனதோ, ஆட்டோக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நான் இவ வண்டில ஏற மாட்டேன் அக்கா! நேத்து இன்னா பண்ணா, நீயும்தானே பாத்துக்கினு இருந்த!"

அந்த அம்மா முதலில் கெஞ்சித்தான் பார்த்தார். அவருடைய நிஜக் குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. "அது நாடகம்மா, நான் அப்படியெல்லாம் இல்லம்மா, வாம்மா தாயி" என்றார். சித்தி கம்பியை விடுவதாக இல்லை. டிரைவர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒற்றைப் புருவம் மேலே போனது.

"யாருகிட்டடி நடிக்கிற? ஏறு வண்டியில!"

அடேயப்பா! ஏழரை மணிக் குரல். டிரைவர் அண்ணனே இரண்டடி பின்னால் போய்விட்டார். சித்தி கம்பியை விட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்க் காரில் ஏறிவிட்டாள்.

காருக்குள் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கை சித்தியின் பிடியில் இருந்ததால் மறுகையால் எடுத்து, "சார், ஒரு மணி நேரம் சார். வந்துடறேன் சார். ப்ளீஸ் சார், அடுத்தது என் சீன்தான்னு தெரியும் சார்" என்றார். ஊரையே நடுங்க வைக்கிற மாமியார் யாரையோ பார்த்து நடுங்குகிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி ஒரு சார் போலிருக்கிறது, லேட்டாகப் போனால் வெளியே முட்டி போடச் சொல்வார் போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் சித்தி அவர் கையை விடவே இல்லை. ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்த அதே பிடி. பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் விடுவித்துப் பார்த்தார், முடியவில்லை. "மேடம், நீங்களே உள்ள வாங்க. ஆனா நேத்து அந்தப் பொண்ண நீங்க அப்படி எறக்கி உட்டிருக்கக் கூடாது" என்றார் நர்ஸ். மேடம் சிரித்துக்கொண்டே தன் போனை என் கையில் கொடுத்தார். "அடிச்சா எடுத்து, உள்ள இருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லு கண்ணு."

போன் அடித்தது. அந்தச் சாரிடம் பேச எனக்குப் பயம். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மறுபடி அடித்தது, மறுபடி அமுக்கினேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. நடுவில் போன் அடிக்காத நேரத்தில், ஆஸ்பத்திரி அரசமரத்தடிப் பிள்ளையாரிடம் போய் நின்று இரண்டு வேண்டுதல் வைத்தேன். சித்திக்குப் பாப்பா நல்லபடியாகப் பிறக்க வேண்டும். இந்த நல்ல அம்மா இனிமேல் அந்தக் கெட்ட மாமியாராக வரவே கூடாது. இரண்டும் நடந்தால் நூற்றியெட்டுத் தோப்புக்கரணம்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்த மேடத்தின் மணிக்கட்டில் சித்தியின் நகம் ஐந்தும் பதிந்திருந்தது. போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுக்க பயமா இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். என் கன்னத்தைக் கிள்ளி, "எனக்கும் அவர் போன எடுக்க பயம்தான்" என்றார்.

வெறுங்காலோடு படியிறங்கப் போனவரை அம்மா ஓடிப்போய் மறித்தாள். தன் நீல ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். "போட்டுக்கினு போம்மா" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் எங்கள் ஊரில் பத்து நாள் இதே பேச்சுதான். சித்தப்பா டீக்கடையில் அந்தப் புருவத்தை நடித்துக் காட்டுவார். பதினோராம் நாள் ஏழரை மணிக்கு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சித்தியும், அன்று வேலை முடிந்து வந்திருந்த அப்பாவும், அம்மாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமியார் மாடிப்படி இறங்கி வந்தாள். அதே பொட்டு, அதே புடவை, முகம் மட்டும் வேறு யாரோ. கீழே எழுத்து ஓடியது. எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன்: இவருக்குப் பதில் இவர்.

"பலிச்சிடுச்சு! என் வேண்டுதல் பலிச்சிடுச்சு!" என்று குதித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாதான் முதலில் எழுந்து வெளியே போனார். "அந்தம்மாவுக்கும் கேட்டை மூடிட்டானுங்க" என்று மட்டும் சொன்னார். எந்தக் கேட் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி டிவியை நிறுத்தச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த நாடகம் ஓடவே இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாததால் அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு சேனலில் மேடம் வந்தார், அழுகிற அம்மாவாக. "இவளுக்கு அழுவ வராது, மெரட்டுனாத்தான் அழகு" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாலும் ஒருநாள் விடாமல் பார்த்தாள். சித்தி மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, இன்றைக்கு அவள் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினால் எங்கள் வீடே அடங்குகிறது. நானும் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பஸ்ஸை விட்டுவிட்டு, ரோட்டில் நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "சார், ஒரு மணி நேரம் சார், ப்ளீஸ் சார்" என்று என் வாயிலிருந்து வந்தபோது அன்று காருக்குள் கேட்ட அந்தச் சன்னக் குரல் காதில் கேட்டது. பாதிப் பேச்சிலேயே சூப்பர்வைசர் போனைக் கட் பண்ணிவிட்டார்.

எட்டு வயதில் அன்றைக்கோ, டிவியில் மாமியார் மாறிய மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நூற்றியெட்டுத் தோப்புக்கரணத்தையும் வாய்விட்டு எண்ணிப் போட்டேன். அறுபதில் கால் கடுத்தது. பிள்ளையார் சொன்னபடி செய்துவிட்டாரே, நாம் குறைக்கக் கூடாது என்று, ஒன்றுகூட விடாமல் முடித்துவிட்டுத்தான் வந்தேன்.