பதினான்கு கட்டைவிரல்கள்

லூர்து இறந்த செய்தி லூர்துவின் எண்ணிலிருந்தே வந்தது. காலை ஷிப்டில், அழுத்தம் இறங்கிப்போன ஒரு ஹைட்ராலிக் பிரஸ் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரில் நீளமாக ஏதோ வந்திருந்தது. நான்கு மாதமாக எதுவும் போடாதவன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், படிக்காமலேயே ஒரு கட்டைவிரலைப் போட்டேன். எனக்கு முன்பே இரண்டு பேர் போட்டிருந்தார்கள். பிறகு ஒருவர் உண்மையிலேயே படித்துவிட்டுக் கைகூப்பியிருந்தார். அப்போதுதான் திறந்து பார்த்தேன். அனுப்பியது அவன் தங்கை பிலோமினா. விடியற்காலையில் மாரடைப்பு, மாலை நான்கு மணிக்கு அடக்கம். அவனுக்கு வயது முப்பத்து நான்கு.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார் பிலோமினா. எனக்கு மெயின்டெனன்ஸ் ரிப்போர்ட் தவிர எதுவும் எழுத வராது. நல்லவன், அன்பானவன், சிரித்த முகம் என்று எழுதலாம். அப்படி எழுதினால் அவனே திருப்பி அனுப்பியிருப்பான். அதனால் நடந்ததை எழுதுகிறேன். பஸ்ஸில் கூட வந்த உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதியும் தெரிந்துகொள்ளுங்கள்.

சேதராப்பட்டில் எங்கள் தொழிற்சாலையில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு உதிரிபாகங்களில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. பஸ் ஏறியதும் இன்னொரு வேலை ஆரம்பிக்கும். யாரும் கேள்விப்படாத புத்தகம், ஓடாமல் போன படம், ஊர்த் திருவிழாவில் யாரோ பதிவுசெய்த நாதஸ்வரம் என்று எதையாவது கண்டுபிடித்து வந்து எங்களுக்குச் சொல்வான். சொல்கிற விதமும் ஆய்வறிக்கை மாதிரியே இருக்கும். முதலில் குறைகள். இந்தப் பதிவில் ஒரு ஆள் இருமிக்கொண்டே இருக்கிறான், ஆறாவது நிமிடத்தில் ஜெனரேட்டர் சத்தம், தவில் ஒரு இடத்தில் தடுமாறுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான், பத்தாவது நிமிடத்தைக் கேள் என்பான். "கொற சொல்லாம ஒண்ண நல்லாருக்குன்னு சொல்றான்னா, அவன் அத முழுசா பாக்கலடா" என்பது அவன் கட்சி.

எனக்குப் பொறுமை கிடையாது. நாற்பது பேர்கூடப் பார்க்காத படம் எப்படி நல்ல படமாக இருக்கும் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"நீ போன வாரம் ஒரு பம்ப்பு சரி பண்ணியே, அத எத்தன பேரு பாத்தாங்க?"

"ஒருத்தரும் பாக்கல."

"ஓடுதில்ல?"

பஸ்ஸே சிரித்தது. அப்போதும் நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அந்த நாவல் வந்தது. திண்டிவனம் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், எப்போதோ தானே அச்சடித்து வெளியிட்ட ஒரே புத்தகம். பழைய புத்தகக் குவியலில் லூர்துவுக்கு ஒரு பிரதி கிடைத்தது. குழுவில் நீளமாக எழுதிப்போட்டுவிட்டு, புத்தகத்தை பஸ்ஸில் கைமாற்றி விட்டான். ஒருவர் முடித்ததும் குழுவில் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. நாங்கள் பதினான்கு பேர். புத்தகம் பதினான்கு டிபன் பைகளில் போய் வந்தது. பதினான்கு கட்டைவிரல்களும் விழுந்தன. கடைசி ஆள் நான். என் லாக்கரில் மூன்று வாரம் கிடந்தது. அட்டையைக்கூடத் திருப்பாமல் விரலைப் போட்டேன்.

லூர்து அதை எண்ணிப்பார்த்துவிட்டு, அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டான். உங்கள் நாவலைப் புதுச்சேரியில் பதினைந்து பேர் படித்திருக்கிறோம், ஒருநாள் வாருங்கள் என்று. அவரும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவடிக்குப்பத்தில் அவன் வீட்டு மொட்டை மாடி. பெரிய மார்க்கெட்டில் சம்பங்கி மாலை வாங்கி வைத்திருந்தான். நாற்காலிகள் பதினைந்து. வந்தது நானும், எங்கள் லைனில் வேலை பார்க்கும் சண்முகமும், கேசரியோடு பிலோமினாவும். மற்றவர்களுக்குக் கல்யாணம், காய்ச்சல், மாமனார் வருகை. உங்களைக் குத்திக்காட்டவில்லை. வந்த நான் செய்ததைவிட அது மேல்.

வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு வந்திருந்த பெரியவர், காலி நாற்காலிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எந்த எடம் புடிச்சிதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் என்னிடம்.

"முடிவு சார். முடிவு ரொம்ப நல்லாருந்துது."

அவர் லூர்துவைப் பார்த்தார். லூர்து தரையைப் பார்த்தான். பெரியவர் மடியில் இருந்த பையை மெதுவாகத் திறந்து, ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்தார். அச்சகத்தில் கடைசிப் பதினாறு பக்கங்கள் விட்டுப்போய்விட்டன. எந்தப் பிரதியிலும் முடிவு கிடையாது. வாசகர்களுக்குத் தன் கையால் கொடுக்கலாம் என்று பதினைந்து நகல் எடுத்து வந்திருக்கிறார். லூர்து குழுவில் எழுதியிருந்த குறைகளில் முதல் குறையே அதுதான் என்பதை அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் படித்தேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து லூர்து ஒன்றுதான் சொன்னான். "புடிக்கலன்னு சொல்லியிருந்தாகூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன்டா."

அதற்குப் பிறகு அவன் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. பஸ்ஸில் ஏறுவான், கிரிக்கெட் பேசுவான், காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். என்ன கேட்கிறான் என்று கேட்கும் தகுதி எங்களில் ஒருவருக்கும் இல்லை.

நாவலை அவன் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் படித்தேன். முதல் ஐம்பது பக்கம் கஷ்டம்தான். அண்ணன் தம்பி இருவருக்கு நிலம் அளக்க வருகிற சர்வேயர், தன் அளவுச் சங்கிலியில் ஒரு கண்ணி குறைவதைத் தெரிந்துகொண்டும் சொல்லாமல் அளந்து முடித்துவிடுகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மேலே போக முடிந்தது. ஜெராக்ஸ் முடிவு வரைக்கும் படித்து முடித்தபோது லூர்து உயிரோடுதான் இருந்தான். மூன்று வாரம் இருந்தான். தினமும் இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தான். இப்போது சொன்னால் மறுபடியும் பொய் என்று நினைப்பானோ என்று தள்ளிப்போட்டேன். மெஷினில் கோளாறு தெரிந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும் என்று மற்றவர்களைத் திட்டுகிற வேலை எனக்கு.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பெரியவருக்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எம் புத்தகத்தப் படிச்சவரு அவரு ஒருத்தருதான்" என்றார். நானும் படித்துவிட்டேன் ஐயா என்றேன். சங்கிலியில் கண்ணி குறைகிற இடத்தைச் சொன்னேன்.

"அவரு லெட்டர்லயும் அந்த எடத்ததான் எழுதியிருந்தாரு. பரவால்ல தம்பி, இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் படித்தேன் என்று அவரை நம்பவைக்க எனக்கு வழி இருந்தது. லூர்து அந்த நாவலில் பதினோரு குறை எழுதியிருந்தான். நான் பன்னிரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணனுக்கு இடது கால் ஊனம், ஒன்பதாம் அத்தியாயத்தில் வலது கால். முழுதாகப் படிக்காதவனுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அவருடைய ஒரே வாசகன் செத்துப்போனான் என்று சொன்ன அதே வாயால், உங்கள் புத்தகத்தில் இன்னொரு தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

லூர்து கண்ணுக்குத் தப்பிய ஒரே குறை அது. கேட்டிருந்தால் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டு பக்கத்தையும் சரிபார்த்திருப்பான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை.